பதினான்கு பொறுப்பாளர்களும் ஓர் உறுப்பினரும்

தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்டு, பேச்சாளருக்கு ஐந்து நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லி, அந்தக் கண்டிப்பை நான் மீறப்போவது தெரிந்தும் புன்னகையோடு வீற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியர் மரியஅந்தோணி அவர்களே! வழிகாட்டுவதற்கென்றே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, பாதி மனத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு உள்ளேயும் வராமல் ஊருக்குள்ளேயும் போகாமல் பலாமரத்து நிழலில் நின்று கேட்கும் இளைஞர்களே! நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் நடந்து வந்திருக்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் பட்டிப்பாறை மக்கள் நற்பணி மன்றத்தின் தலைவர் என்ற முறையில், எஸ்டேட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற இந்த நல்லமுத்துவின் பணிவான, பனியில் நனைந்த வணக்கம்.

பஸ் திரும்ப வந்ததைக் கொண்டாடுகிறோம். மன்றத்தின் மகத்தான சேவையைப் பாராட்டுகிறோம். பாராட்டப்படுகிறவர்களும் நாங்களே, பாராட்டுகிறவர்களும் நாங்களே என்பதால் விழாவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தவர்களுக்கும் ஒருமுறை நினைவூட்ட வேண்டாமா?

நம் பட்டிப்பாறை எப்படிப்பட்ட ஊர்? நாகலூருக்கு மேலே இரண்டு கிலோமீட்டர். நாற்பத்தேழு வீடுகள். சாலைக்கு இந்தப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மலையை உழுது வாழும் விவசாயிகள் வீடுகள். காப்பி பூத்தால் இரு பக்கமும் மணக்கும். ஆரஞ்சு பழுத்தால் இரு பக்கமும் தின்னும். ஆனால் இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கம் போய் ஒரு வாய் காப்பி குடித்தாரா என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊருக்குச் சேவை செய்தே தீருவது என்ற வேகம் எங்களுக்குப் பிறந்தது. கூடினோம். குமுறினோம். பொறுப்புகளைப் பங்கிட்டோம். தலைவர் நான். செயலாளர் தம்பி தனபால். துணைத் தலைவர்கள் மூவர், இணைச் செயலாளர்கள் மூவர், பொருளாளர், அமைப்பாளர், ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர்கள் இருவர், கொள்கை பரப்புச் செயலாளர் ஒருவர். எந்தக் கொள்கை என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆக மொத்தம் பதினான்கு பேர். எல்லாம் முடிந்து கைதட்டும் நேரத்தில், வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஈரக் கையோடு ஒரு பெண்மணி வந்து நின்றார். லைனில் கடைசி வீட்டு வனிதா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்.

“எனக்கு என்னங்க வேலை?” என்று கேட்டார்.

பதவி எதுவும் மிச்சமில்லை. “நீ உறுப்பினர், அம்மா” என்றேன்.

“அப்படின்னா என்னங்க பண்ணோணும்?”

“நாங்கள் தீர்மானிப்பதைச் செய்ய வேண்டும்.”

“செஞ்சுட்டாப் போச்சுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்பர்களே, உலகில் எத்தனையோ மன்றங்கள் இருக்கலாம். பதினான்கு பொறுப்பாளர்களும் ஒரே ஓர் உறுப்பினரும் கொண்ட மன்றம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள். தனபால் மட்டும் சிரிக்க வேண்டாம், அவர் கதை இன்னும் வரவில்லை.

முதல் கூட்டத்தில் மன்றத்துக்குப் பெயர் வைத்தோம். இரண்டாவது கூட்டத்தில் பேனரில் யார் படம் எந்த அளவு என்று விவாதித்தோம். மூன்றாவது கூட்டத்தில், நின்றுகொண்டே விவாதித்தால் சேவை உணர்வு குறைகிறது என்று கண்டறிந்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினோம். பதின்மூன்று நாற்காலிகளுக்குக் கை கிடையாது. தலைவர் நாற்காலிக்கு மட்டும் இரண்டு கைகள் உண்டு.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. ஒன்பதாம் நாள் விடிந்து பார்த்தால், பாறை வளைவில் சாலையின் பாதி சரிந்து பள்ளத்தில் கிடந்தது. பைக் போகலாம். நடந்து போகலாம். பஸ்ஸும் ஜீப்பும் போக முடியாது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள், சரிசெய்யக் காலமாகும் என்று சொல்லிப் போனார்கள். பஸ் நாகலூர்க் கடைத்தெருவோடு திரும்பிவிட்டது.

நமக்கு அது சிரமம். ஒரே ஒருவருக்கு அது உயிர்.

அவர் பெயர் அத்தாயி. மேலத் தோட்டத்துச் சின்னனின் மனைவி. ஐம்பத்து மூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருபவர். பஸ் நின்றதும் சின்னன் அவரை ஒரு பைக்கின் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். திரும்பி வரும்போது அந்த வளைவில் தலைசுற்றி அத்தாயி விழுந்துவிட்டார். முழங்கைத் தோல் பெயர்ந்து சதை தெரிந்தது. அதோடு, போதும், இனி நான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டார். ஒரு வெள்ளி தவறியது. அடுத்த செவ்வாயும் தவறியது.

நாங்கள் சும்மா இருந்தோமா? இல்லை. வியாழக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினோம். சாலைக்காக மனு எழுதினோம். மனுவின் தொடக்கத்தில் ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதுவதா, ‘மாண்புமிகு’ என்று எழுதுவதா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. காரசாரமான விவாதம். ஒன்றரை மணி நேரம். ஓரமாக நின்றுகொண்டிருந்த வனிதா நடுவில் கேட்டார், அத்தாயி எப்படி ஆஸ்பத்திரி போவார் என்று. நான் பொறுமையாக விளக்கினேன். மனு போனால் சாலை வரும், சாலை வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் அத்தாயி போகலாம் என்றேன்.

“அது வரைக்கும் அந்தக்கா இருக்கோணுமில்லீங்க?” என்றார் வனிதா.

அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்தோம். பதில் எதையும் பதிவு செய்யவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வனிதாவுக்கும் அத்தாயிக்கும் மூன்று ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வனிதாவின் ஆடு அத்தாயியின் பீன்ஸ் பாத்தியில் இறங்கி ஒரே காலைப் பொழுதில் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் சமாதானம் பேசப் போனேன். மூன்று முறை பேசினேன். அதற்குப் பிறகு இருவரும் சண்டைக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை. என் சமாதானத்தின் சக்தி அப்படி.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. வனிதா அத்தாயி வீட்டு வாசலில் போய் நின்றார். சில்வர் ஓக் கொம்புகள் இரண்டு, கயிறு ஒரு சுருள், பக்கத்து வீட்டுப் பானு, இவற்றோடு ஒரு நாற்காலி. இரண்டு கைகள் உள்ள நாற்காலி. உள்ளேயிருந்து அத்தாயி பார்த்தார். அப்போது நடந்த பேச்சைச் சின்னன் எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறார்.

“ஆடு மேஞ்ச பாவத்தைத் தீக்க வந்தயா?”

“அதெல்லாம் பொறவு பேசிக்கலாமுங்க அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏறி உக்காருங்க.”

அத்தாயி எழுந்திருக்கவில்லை. வனிதாவும் நகரவில்லை. கடைசியில், இவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை என்று சொல்லிக்கொண்டே அத்தாயி எழுந்து வந்து உட்கார்ந்தாராம்.

நாற்காலி காணாமல் போன செய்தி எனக்கு ஆறரைக்கு வந்தது. தலைவர் நாற்காலி, அன்பர்களே. தீர்மானம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், என் அனுமதி இல்லாமல். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு விரைந்தேன். சாலையில் பிடித்துவிட்டேன். கொம்புகளின் முன் முனைகளில் சின்னனும் பானுவும். பின்னால் ஒரு கொம்பில் வனிதா. நாலாவது ஆள் கிடைக்காததால் இன்னொரு கொம்பின் முனையையும் அவரே மறு தோளில் வைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார். மேலே அத்தாயி. நான் வழிமறித்தேன். இது மன்றத்தின் சொத்து, பொதுச் சொத்தை இப்படித் தன்னிச்சையாக எடுக்கலாமா என்று கணீரென்று கேட்டேன்.

வனிதாவுக்கு மூச்சு வாங்கியது. “ஏனுங்க ரைட்டரய்யா, வந்ததே நல்லதாப் போச்சு. இந்தக் கொம்பைச் சித்தெ புடிங்க” என்றார்.

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை. பேனாவைத் தவிர நான் எதையும் பிடித்ததும் இல்லை. ஆனால் அவர் கொம்பை நீட்டிவிட்டார். நான் பிடிக்காவிட்டால் அத்தாயி சரிவார். பிடித்தேன். தோளில் வைத்தேன்.

அன்பர்களே, இந்த இடத்தில் மட்டும் என்னைச் சிரிக்காமல் பேச அனுமதியுங்கள். இறக்கத்தில் நாற்காலி என் பக்கம் சாய்ந்தபோது, நிலை தடுமாறாமலிருக்க அத்தாயி ஒரு கையை என் தோளில் ஊன்றினார். அந்தக் கை வீங்கியிருந்தது. தோல் இழுபட்டு மெழுகுபோலப் பளபளத்தது. வளையல் சதைக்குள் புதைந்து கிடந்தது. அவர் விடும் ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதும் கேட்டது. அதே பெண்மணிக்காகத்தான் முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் ‘மதிப்பிற்குரிய’வா ‘மாண்புமிகு’வா என்று நான் தொண்டை வறளப் பேசியிருந்தேன். நாற்காலியைப் பற்றி அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாகலூரில் அவரைப் பஸ்ஸில் ஏற்றினோம். இன்னும் ஒருமுறை தவறியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

அந்த நாற்காலியில் நான் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். அதில் உட்கார்ந்து உருப்படியாக ஒரு காரியத்துக்குப் போனவர் அத்தாயிதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செவ்வாய், வெள்ளி என்று முறை வைத்தார் வனிதா. காலையில் நான்கு பேர், மாலையில் நான்கு பேர். லைனிலிருந்து இரண்டு பேர், மலைக்காரர் வீடுகளிலிருந்து இரண்டு பேர். இது சுமையாகத்தானே இருக்க வேண்டும்? வேண்டா வெறுப்பாகத்தானே செய்ய வேண்டும்? நடந்தது வேறு. உடம்பு தேறத் தேற அத்தாயிக்கு வாய் திரும்பியது. மேலே உட்கார்ந்துகொண்டு அவர் ஊர்ச் செய்தி சொல்ல ஆரம்பித்தார். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணை எந்த மரத்தடியில் பார்த்தான், எந்த ரைட்டர் எந்த வருஷம் யாருக்கு அரைநாள் கூலி மட்டும் போட்டார் என்று எல்லாம் மேலேயிருந்து இறங்கும். கீழே நாலு பேர் சிரித்துச் சிரித்து நடை தடுமாறுவார்கள். வளைவில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். ஒருவர் வீட்டிலிருந்து அவித்த கிழங்கு வரும், ஒருவர் வீட்டிலிருந்து ஆரஞ்சு வரும். இரு பக்கத்து வீடுகளின் காப்பியும் ஒரே தூக்குப் போசியில் கலந்தது. தூக்கப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லச் சொல்ல, தூக்காதவர்களுக்கு ஏக்கம் வந்தது.

பொறுப்பாளர்களும் முறை கேட்டோம். வனிதா கொடுக்கவில்லை. “உங்களுக்கெல்லாம் கூட்டமிருக்குமுங்க. தொந்தரவு பண்ணக்கூடாதுங்க” என்றார். கிண்டல் இல்லை, அன்பர்களே. மெய்யான மரியாதை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலில் தம்பி தனபால் ராஜினாமா செய்தார். இப்போது சிரிக்கலாம், தம்பி. தொடர்ந்து கொள்கை பரப்புச் செயலாளர், அவர் பின்னால் ஆலோசகர்கள். பதின்மூன்று கடிதங்கள். பதின்மூன்றிலும் காரணம் ‘உடல்நலக் குறைவு’. உட்கார உடம்பு ஒத்துழைக்கவில்லையாம். அதனால் ஓர் ஆளைத் தோளில் சுமக்கப் போகிறார்களாம்.

இப்படி வளைவில் கூடி உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன தோன்றும்? சின்னனுக்குத் தோன்றியது. தன் தோட்டத்தில் சரிவு சரிவாகக் கல் கட்டி மண்ணை நிறுத்தியவர் அவர். இதையும் கட்டலாம் என்றார். அனுமதி கேட்டோம். இந்த முறை மனுவை வனிதா சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று எழுத, நாலு வரியில் முடிந்தது. பொறியாளர் ஒருவர் வந்து எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். கல் உருட்டினோம், மண் சுமந்தோம், கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைக் கீழே கொண்டு சேர்த்தோம். தாய்மார்கள் வளைவிலேயே அடுப்பு மூட்டினார்கள். அந்தப் பக்கத்துச் சாமைச் சோறும் இந்தப் பக்கத்துக் கருவாட்டுக் குழம்பும் ஒரே இலையில் விழுந்தன. சுவரைப் பொறியாளர் தட்டிப் பார்த்தார், முட்டிப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார்.

சென்ற மாதம் பஸ் வந்தது. டிரைவர் வெங்கடேஷ் வளைவில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, காலியாக ஓட்டிக் கடந்தார். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் பதின்மூன்று ராஜினாமாக் கடிதங்களும் திரும்பப் பெறப்பட்டன. ஏனென்றால் கல்வெட்டு வைக்கலாம் என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் மஞ்சள் துணி போர்த்தி நிற்கிறதே, அதுதான். பதினான்கு பெயர்கள் பளிச்சென்று பொறித்திருக்கிறோம். பதினைந்தாவது பெயருக்குக் கல்லில் இடமில்லை. நேற்று அதை வனிதாவிடம் காட்டினேன். நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“எழுத்து நல்லா இருக்குதுங்க. சொவத்துல கீழ்ப்பக்கம் இந்த அகலத்துல ஒரு கல்லு பத்தாம இருந்துச்சு. அப்பவே கெடச்சிருந்தா நொம்ப நல்லா இருந்திருக்குமுங்க” என்றார்.

பெரியோர்களே, இதற்கும் அவர் சிரிக்கவில்லை. விழாத் தலைவர் தலைமையாசிரியர் அவர்களின் அனுமதியோடு அறிவிக்கிறேன்: இன்று அந்தத் துணி விலகாது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல் வளைவுச் சுவருக்குப் போகிறது. எழுத்துள்ள பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கும். பதினான்கு பெயர்களும் முதல்முறையாக ஏதோ ஒன்றைத் தாங்கட்டும். ஆலோசகர் எழுந்திருக்க வேண்டாம், ஆலோசனை பிறகு.

ஆனால் பஸ் வந்த நாளில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. ஊர் ஆரவாரம் செய்துகொண்டிருந்தது. அத்தாயி மட்டும் பஸ் படியருகே நின்று ஏறாமல் இருந்தார். என்ன என்று கேட்டேன்.

“ரைட்டரு, மூணு மாசமா வாரத்துக்கு ரெண்டு நாளு இந்த ஊரே எங்கூடப் பேசிக்கிட்டு வந்துச்சு. இனிமேட்டு ஏறிச் சன்னலோரம் உக்காந்தா, நானும் அந்த மிசினும்தான்” என்றார்.

சாலை போட்டவர்கள் நாம். பஸ்ஸைக் கொண்டு வந்தவர்கள் நாம். அதே கையால் அந்த அம்மாவை மறுபடி தனியாக்கியவர்களும் நாமா? சாலை இல்லாதபோது சேர்ந்திருந்தோம், சாலை வந்ததும் பிரிந்துபோவதா? பள்ளம் இருந்தவரை பழகினோம், பள்ளம் தூர்ந்ததும் மறப்பதா? நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வனிதா தேடவில்லை. அன்று அவருக்கு எஸ்டேட்டில் வேலை. இடுப்பில் பறிப்புக் கூடை. கூடையை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

“நகந்து உக்காருங்கக்கா” என்றார்.

“வா கண்ணு” என்றார் அத்தாயி.

மூன்று ஆண்டுப் பிணக்கில் மிச்சமிருந்ததும் அந்த இரண்டு சொல்லில் முடிந்தது. நான் மூன்று முறை பேசியும் முடியாதது.

அன்றிலிருந்து யாராவது ஒருவர் அத்தாயியோடு சேலம் போகிறோம். சுமப்பதற்கு ஒன்றுமில்லை. படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை. கல்லில் பொறிக்க ஒன்றுமில்லை. நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு வருவது, அவ்வளவுதான். சுவர் கட்ட ஊரே திரண்டது; உட்கார வருபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன். எட்டு பேர் மாறி மாறிப் போனோம், இப்போது ஐந்தாகிவிட்டோம். இன்று வெள்ளிக்கிழமை. வனிதா போயிருக்கிறார். இந்த விழாவுக்கு அவரை அழைக்க மறந்துவிட்டோம். அழைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

வரும் செவ்வாய்க்கு நான் போகிறேன். அடுத்த வெள்ளிக்கு ஆள் இல்லை. உங்களில் யார் வருகிறீர்கள்? என்னிடம் பெயர் கொடுக்க வேண்டாம். விலகல் கடிதத்தைக் காலையிலேயே எழுதிவிட்டேன், இந்தப் பேச்சோடு என் தலைவர் பதவி முடிகிறது. இந்த மன்றத்தின் இரண்டாவது உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். பெயரை வனிதாவிடம் கொடுங்கள்.

ஹாரன் சத்தம் கேட்கிறது. வளைவு திரும்புகிறது பஸ். ஆஸ்பத்திரி போய் வரும் நாளில் அத்தாயிக்குக் கால் தளர்ந்திருக்கும், பஸ் படியோ உயரம். இறக்கிவிட இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வேண்டும். ஒரு பக்கத்துக்கு வனிதா இருக்கிறார், மறுபக்கத்துக்கு நான். எழுதி வந்த பேச்சில் இன்னும் ஆறு பக்கம் மீதம். அதைத் தலைமையாசிரியரிடமே ஒப்படைக்கிறேன். தவறு இருந்தால் திருத்தி வைக்கட்டும்.

இதுவரை பொறுத்திருந்து கேட்ட அன்பு நெஞ்சங்களுக்கு நன்றி. பருப்பு தீய்ந்தாலும் பரவாயில்லை என்று அமர்ந்திருந்த தாய்மார்களுக்குத் தனி நன்றி. வணக்கம் சொல்லக் கூப்பிய கையோடு, இதோ இறங்குகிறேன்.